திங்கட்கிழமை ஊற்றி வைத்த நான்கு கிளாஸ்

அண்ணை,

போன கிழமை உங்கள் மகள் ஒரு மட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து என் வீட்டில் வைத்துவிட்டுப் போனாள். உள்ளே ஏழு போத்தல்கள், எல்லாம் அரையும் குறையுமாக. "ஃபார் உங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னவர்" என்றாள். இந்த நாட்டுப் பாஷையில்தான் கூப்பிடுவாள்; உங்களை அவள் என்றைக்குத்தான் தமிழில் அப்பா என்று கூப்பிட்டாள்! அவள் போனதும் ஒன்றைத் திறந்து மணந்தேன். நீங்கள் 'ஆஸ்பத்திரி' என்று பட்டம் வைத்திருந்த ஸ்கொட்லாந்துத் தீவு விஸ்கி. புகையும் அயடீனும் கலந்த அந்த மணத்துக்குக் கண்ணீர் வரும் என்று நினைத்தேன். சந்தேகம்தான் வந்தது. இந்தக் குளிர்நாட்டு ஹேர்னிங் நகரில் குடிக்கிற ஆட்களுக்கா பஞ்சம், ஏன் எனக்கு? ஏதாவது தெரிந்துதான் தந்தீர்களா?

என் குணம் உங்களுக்குத் தெரியாததல்ல. பெற்ற தாய் சோறு போட்டாலும் உப்புப் பார்த்துவிட்டுத்தான் பிசைவேன்.

கம்பளத் தொழிற்சாலையில் இருவருக்கும் ஒரே ஷிப்ட். ஒருநாள் உடுப்பு மாற்றும் அறையில் வைத்து, சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வரச் சொன்னீர்கள். குடிக்கத்தான் கூப்பிடுகிறீர்கள் என்று நினைத்து, மிளகாய்த்தூள் போட்டுப் பொரித்த கடலையும் சோடாவும் கொண்டு வந்தேன். இரண்டையும் வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினீர்கள். மேசையில் வெறும் பாண், தண்ணீர், மருந்துக்கடையில் வாங்கிய சொட்டுக்குழாய். நான்கு விஸ்கிப் போத்தல்கள், பெயர் தெரியாதபடி கம்பளிக் காலுறைக்குள் நின்றன. மணந்து பார்த்து, ஒரு வாய் எடுத்து, எது எது என்று கடதாசியில் எழுதிக் கிளாசுக்கு அடியில் வைக்க வேண்டும். பிறகுதான் காலுறையைக் கழற்றுவது. "பேரப் பார்த்தா நாக்கு பொய் சொல்லும் தம்பி" என்றீர்கள்.

நீங்கள் நான்கையும் சரியாகச் சொன்னீர்கள். அடுத்த சனியும் அப்படியே. சந்தேகம் என்னை விடுமா? காலுறையில் ஏதோ அடையாளம் இருக்கிறது என்று நினைத்து, என்னுடையதைக் கொண்டுவந்து மாட்டினேன். அப்போதும் சரியாகச் சொன்னீர்கள். பிறகு ஒருநாள் நீங்கள் கழிவறைக்குப் போன நேரம் பார்த்து, ஒரே விஸ்கியை நான்கு கிளாசிலும் ஊற்றி வைத்தேன். நீங்கள் வந்து இருந்து ஒவ்வொன்றாய் மணந்தீர்கள். திரும்பவும் முதலாவதிலிருந்து மணந்தீர்கள். கடைசியில் கடதாசியைத் தள்ளி வைத்துவிட்டு, "நாலும் ஒண்டுதான். உங்களுக்கு என்னில அவ்வளவு சந்தேகமா?" என்று கேட்டீர்கள். சிரித்தபடிதான் கேட்டீர்கள். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அந்தச் சந்தேகம் விளையாட்டு. மற்றது அப்படியில்லை.

சண்டையின் கடைசி மாதங்களில் இங்கே யாரும் யாரையும் நம்பவில்லை. நீங்கள் மட்டக்களப்பு, நான் யாழ்ப்பாணம். கிழக்கு ஆட்களைக் காட்டிக்கொடுப்பவர்களாகப் பார்க்கிற பழக்கம் எங்களுக்குள் வந்திருந்த காலம் அது. கிளாசை மூக்கருகே கொண்டுபோகும்போது உங்கள் கைத்தொலைபேசி அடிக்கும். கிளாசை அப்படியே வைத்துவிட்டுக் கராஜுக்குப் போவீர்கள். ஒருநாள் கதவு சரியாகச் சாத்தப்படவில்லை. நீங்கள் கதைத்தது சிங்களம். அதுவும் என் தமிழை விடச் சரளமாக. திரும்பி வந்து, "எங்க விட்டம்?" என்று கேட்டு மறுபடி மணக்கத் தொடங்கினீர்கள். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

மே மாதம் எல்லாம் முடிந்தது என்ற செய்தி ஒரு திங்கட்கிழமை வந்தது. வேலை முடிந்து உங்களிடம் நேரே வந்தேன். வீட்டில் இருக்க முடியவில்லை, யாரோடாவது சேர்ந்து அழ வேண்டும் போலிருந்தது. கதவு திறந்து கிடந்தது. வரவேற்பறை மேசையில் நான்கு கிளாஸ்கள், நான்கிலும் விஸ்கி. காலுறை இல்லை, கடதாசி இல்லை. சனிக்கிழமையும் இல்லை. கராஜுக்குள் உங்கள் சிங்களக் குரல். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிவிட்டேன்.

அந்தக் கிழமை தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நின்றபோது, பக்கத்தில் நின்ற இரண்டு பேரிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். "சனம் சாகேக்கை அங்கை மேசையிலை கிளாஸ் அடுக்கியிருக்கு. ஃபோனிலை சிங்களம்." இவ்வளவுதான். மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது. சாமத்தியவீட்டு அழைப்புக் கார்ட் உங்கள் வாசலைத் தாண்டிப் போனது. கடைத்தெருவில் உங்களைக் கண்டவர்கள் கண்ணாடிக்குள் இருந்த சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் ஷிப்டை மாற்றிக்கொண்டேன்.

ஒன்றரை வருடம் கழித்து நீங்களாகத்தான் அழைத்தீர்கள். "புதுசு ஒண்டு வந்திருக்கு, வாங்க." எனக்குள் முதலில் எழுந்தது, இதில் என்ன உள்நோக்கம் என்ற கேள்விதான். ஆனாலும் வந்தேன். பாணை வெட்டிக்கொண்டே சொன்னீர்கள். உங்கள் அண்ணன் வன்னியில் கலியாணம் கட்டி அங்கேயே இருந்தவர் என்றும், முன்பு ஊரில் காகித ஆலையில் உங்களோடு வேலை செய்த ஒரு சிங்களவர் வவுனியாப் பக்கம் லொறி ஓடிக்கொண்டிருந்தார் என்றும், அவரைத்தான் முகாம் முகாமாகத் தேடச் சொன்னீர்கள் என்றும். அண்ணரும் மனைவியும் கிடைக்கவில்லை. ஒரு மகள் மட்டும் கிடைத்தாள். ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் ஒரு பக்கத்து ஆள் என்பார்கள், சொல்லாவிட்டால் மற்றப் பக்கத்து ஆள் என்பார்கள் என்றீர்கள். பிறகு, நான் கேட்காமலே அந்தத் திங்கட்கிழமைக்கு வந்தீர்கள்.

"பின்னேரம் வரைக்கும் லைன் கிடைக்கல்ல தம்பி. கை சும்மா இருக்க ஏலாம ஊத்தி வைச்சன். நாலையும் மணந்து பார்த்தன். ஒண்டும் மணக்கல்ல. 'ஆஸ்பத்திரி'கூடத் தண்ணி மாதிரிக் கிடந்தது."

கதையைக் கிளப்பியது நான்தான் என்று சொல்லிவிட வாயைத் திறந்தேன். அதற்குள் நீங்கள், அந்தத் திங்கட்கிழமை காலை மரக்கறிக்கடைச் செல்வம் வானில் வந்து கறிவேப்பிலை தந்துவிட்டுப் போனதைச் சொன்னீர்கள். வாசலில் நின்று மேசையைப் பார்த்தவன் அவன் ஒருவன்தானாம். "அவன்தான் ஊரெல்லாம் சொல்லியிருக்கான். வேற ஆரு?"

கிளாஸ் என் மூக்கருகே இருந்தது. அதை இறக்காமலே, "இருக்கலாம்" என்றேன்.

அந்த ஒரு சொல்லோடு நீங்கள் பன்னிரண்டு வருடம் வாழ்ந்தீர்கள். பக்கத்துத் தெருவில் செல்வத்தின் கடை இருக்க, ஒரு பிடி கறிவேப்பிலைக்கு ஒரு மணித்தியாலம் தள்ளியிருக்கிற ஓகூஸ் நகர் வரை கார் ஓடினீர்கள். உங்கள் மனைவி சலித்தபோதும் விடவில்லை. நாங்கள் மறுபடியும் சனிக்கிழமைகளில் மணந்தோம், எழுதினோம், யார் சரி என்று சண்டை பிடித்தோம். ஒவ்வொரு சனியும் சொல்ல நினைத்தேன். நீங்கள் கதவைக் காட்டிவிடுவீர்கள் என்ற பயம். போன இலையுதிர்காலத்தில் உங்கள் இதயம் நின்றபோது, ஐயோ அண்ணை என்று அழுதேன். அந்த அழுகைக்குள்ளேயே, இனி யாருக்கும் தெரியவராது என்ற நிம்மதி ஒரு மூலையில் எட்டிப் பார்த்தது. என்னை நானே சந்தேகப்பட்டது அன்றுதான் முதல் தடவை.

நேற்றுச் செல்வத்தின் கடைக்குப் போனேன். உங்கள் சாவீட்டில் அவன் மண்டபத்துக்கு வெளியே, மழையில் நின்றதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வெண்டிக்காயைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டான்: "அண்ணை, அவர் கடைசி மட்டும் என்னோடை முகம் குடுத்துக் கதைக்கேல்லை. நான் என்ன பிழை விட்டனான்? உங்களுக்கெண்டாலும் தெரியுமோ?"

தெரியாது என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். பழகிய வேலை. ஆனால் சொன்னேன். மேசையில் கண்டதை, பள்ளிக்கூட வாசலில் கதைத்ததை, "இருக்கலாம்" என்றதை, எல்லாம்.

அவன் அடிக்க வருவான் என்று நினைத்தேன். பையைக் கீழே வைத்தான்.

"இது அவருக்குத் தெரியுமோ?"

"இல்லை. சொல்லேல்லை."

"அப்ப நான்தான் எண்டு நினைச்சுக்கொண்டே போட்டாரோ?"

"ஓம்" என்றேன்.

அவன் உள்ளே போய்விட்டான். நான் வெண்டிக்காய்க்குக் காசைக் கல்லாவில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். அண்ணை, நீங்கள் கோபித்திருக்க வேண்டியது என்னோடு. உங்கள் கோபத்தை அத்தனை வருடமும் அவன் காரணம் தெரியாமலே தாங்கினான். இப்போது அதை நான் வாங்கி வைத்திருக்கிறேன், அவனுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லத்தான் நீங்கள் இல்லை.