சந்தைக் காட்சியில் வசனம் இல்லை

முதலாளி,

இன்று காலை, நீங்கள் என் பொறுப்பில் விட்டுப்போன படப்பெட்டியைத் திறந்தேன். குப்பென்று படச்சுருள் வாடை முகத்தில் அடித்தது. நீங்கள் கண்மூடி ஒரு வருடம் ஆகிவிட்டது. உங்கள் சட்டையிலும் எந்நேரமும் இதே வாடைதான்.

கராச்சியில் ஸ்டூடியோவை விட்டுவிட்டு, பிரிவினையில் உயிர் பிழைத்து வந்தவர் நீங்கள். தமிழ்ப் படம் எடுக்கப்போகிறேன் என்றதும் சென்னையே சிரித்தது. "பாஷை தெரியாது, கண்ணு தெரியும்" என்றீர்கள். திமிர்தான்! எனக்குப் பிடித்த திமிர்.

குந்தாரப்பள்ளிச் சந்தையில் குடியானவன் தன் கடைசி எருதை விற்கும் காட்சி. அதற்கு ஆறு பக்கம் வசனம் எழுதியிருந்தேன். நடிகர் முழங்க முழங்க, சுற்றி நின்ற சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மாட்டுத் தரகர் ஒருவர் முன்னால் வந்தார்.

"என்னா சாமி, மாட்டு வெலைய இப்பிடியா ஊரக் கூட்டிச் சொல்லுவாங்க? துண்டப் போத்தி, உள்ளார வெரலப் புடிச்சில்ல பேசணும்!"

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "ரைட்டர், நீ இந்த ஊரு ஆளுதானே?"

ஆமாம், அந்தச் சந்தையிலேயே வளர்ந்தவன். எல்லாம் தெரிந்தும், சென்னையில் கைதட்டு வாங்கத்தான் அப்படி எழுதினேன். மானம் போயிற்று. ஆறு பக்கத்தையும் மடித்து என் பையில் வைத்துவிட்டு, அந்தத் தரகரையே எருது வாங்குபவராக நிற்க வைத்தீர்கள். துண்டுக்கடியில் இரண்டு கைகள், மேலே குடியானவன் முகம். ஒரு பேச்சில்லை. எடுத்து முடித்தபோது தரகர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வசனமே இல்லாம ஒரு காட்சியா? வெட்டுங்க, இல்லாட்டி படத்தை எடுத்துட்டுப் போங்க" என்றார் சென்னை விநியோகஸ்தர். எடுத்துக்கொண்டு வந்துவிட்டீர்கள்! "ஊரு போச்சு. இதுவும் விட்டுக் குடுக்கணுமா?" என்றீர்கள். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் டூரிங் கொட்டகைகளில் ஓடியதோடு சரி. அதன்பிறகு உங்களுக்கு இன்னொரு படம் கிடைக்கவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

இன்று புது விநியோகஸ்தர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். படத்தை ஊரெங்கும் வெளியிடுகிறாராம். ஆனால் சந்தைக் காட்சிக்கு நான் வசனம் எழுதி, குரல் சேர்த்துத் தரவேண்டுமாம்.

"முடியாதுங்க."

"வசனகர்த்தாவே வசனம் வேணாங்கறீங்க. அப்புறம் உங்க பேரு எதுக்குப் படத்துல?"

"எடுத்துடுங்க. காட்சியத் தொடாதீங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். போகட்டும். இன்னும் பத்துப் பேர் வந்தாலும் சரி, உங்கள் பிடிவாதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நான் உயிரோடு இருக்கும்வரை அந்தக் குடியானவன் வாய் திறக்கமாட்டான்.