நீங்கள் மூக்கைப் பொத்திக் காட்டிய கடை

என்னங்க,

பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. இத்தனை வருஷமும் இந்த ஒரு சொல்லுக்குத்தான் திரும்பிப் பார்த்தீர்கள். இப்போதும் இதற்கே திரும்பிப் பாருங்கள். இதை நான் ஊர்ப் பத்திரிகைக்குக் கொடுக்கப்போகிறேன். உங்களுக்கு எந்த விலாசத்துக்கு அனுப்புவது? தவிர, இந்தப் போர்ட் சுவெட்டன்காம் துறைமுக ஊரில் என் முதுகுக்குப் பின்னால் பேசிய நாலு பேரும் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

உங்கள் கருமாதிக் காரியம் முடிந்த மறுநாளே உங்கள் தம்பி வேலு வேலையைத் தொடங்கிவிட்டான். பிரிக்பீல்ட்ஸ் ரயில் பட்டறையில் லீவு சொல்லிவிட்டு வந்தவன் நின்ற இடத்தில் நிற்கவில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், அண்ணியை அடுத்த கப்பலில் ஏற்ற வேண்டும், நாகப்பட்டினத்தில் பெரியண்ணன் வீட்டில் ஒப்படைக்க வேண்டும். பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் பலகைப் பெட்டிகளில் அடுக்கி ஆணி அறைந்துவிட்டுப் பட்டறைக்குத் திரும்பினான். அம்மிக் குழவியைக்கூட விடவில்லை. கப்பலோ எந்திரக் கோளாறென்று பினாங்கில் நின்றுவிட்டது. இன்று வரும், நாளை வரும் என்றார்கள். வீட்டில் ஒரு குண்டான் இல்லை, கரண்டி இல்லை. அடுப்பு மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டுக் கமலம் சில நாள் தூக்குச்சட்டியில் சோறு அனுப்பினாள். அவள் வீட்டிலேயே வாய் அதிகம். எத்தனை நாள் கை நீட்டி வாங்குவது? அதோடு, பசியைவிடப் பெரிய தொல்லை என் கால்கள். உட்கார்ந்தால் எழு என்கின்றன. எழுந்தால் வாசலுக்குப் போ என்கின்றன. நீங்கள் வேலை முடிந்து வரும் நேரத்துக்குத் துறைமுகத்தில் சங்கு ஊதும்போது அந்த வீட்டுக்குள் என்னால் இருக்கவே முடியவில்லை. ஒரு நாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

எங்கே போவது? கோயிலும் மார்க்கெட்டும் தவிர இந்த ஊரில் எனக்கு எந்த இடம் தெரியும்? ஆனால் சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் தெரியும், உங்கள் வாய்வழியாக. துறைமுகத்தில் கிராணி வேலை, நாள் முழுக்கச் சரக்குக் கணக்கு எழுதுவீர்கள். வீட்டுக்கு வந்தால் ஒரு மூட்டையைப் பற்றிக்கூடப் பேச மாட்டீர்கள். எந்தக் கடையில் என்ன நன்றாயிருந்தது, எவன் கெடுத்துவிட்டான், இதுதான் பேச்சு. நானும் நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்றுதான் நடந்தேன்.

முதலில் ராவுத்தர் டீக்கடை. என்னைக் கண்டதும் கையிலிருந்த துணியை என்ன செய்வதென்று தெரியாமல் தோளில் போட்டுக்கொண்டார்.

"என்னம்மா வேணும்? பொட்டலம் கட்டித் தரவா?"

"இங்கேயே சாப்பிடறேன்."

"இங்கேயா? ஆம்பளைங்க வந்து போற எடம்மா இது."

"கிராணி வீட்டுல இருந்து வரேன்" என்றேன். அவர் உடனே ஒரு மூலையில் சாக்கைத் திரையாகத் தொங்கவிட்டு உட்காரச் சொன்னார். நீங்கள் என்ன சொல்வீர்கள்? டீ அமிர்தம், ரொட்டி செருப்புத் தோல். நான் சொல்கிறேன் கேளுங்கள். அந்த டீ வெறும் சர்க்கரைத் தண்ணீர். ரொட்டிதான் நல்ல ரொட்டி, சுடச்சுடப் பிய்த்தால் இதழ் இதழாக வருகிறது. நீங்கள் ஊர்க்கதை பேசிப் பேசி ஆறவிட்டுத் தின்றிருப்பீர்கள். பழியை அவர்மேல் போட்டீர்கள்.

சீனர் கோப்பிக்கடையில் கரியைக் கரைத்துக் கொடுக்கிறார்கள் என்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்தக் கசப்பு தொண்டையில் இறங்கியபோது, நீங்கள் போனதிலிருந்து மந்தமாகக் கிடந்த தலை தெளிந்தது. கடைக்கார முதியவர் கோப்பையை வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். இந்த ஊரில் என்னை ஏற இறங்கப் பார்க்காத ஆள் அவர் ஒருவர்தான்.

பிறகு கிள்ளானுக்கு ரயிலேறி, நீங்கள் வானத்துக்கும் பூமிக்கும் புகழ்ந்த பிள்ளையின் சைவச் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். பிள்ளை பெருமையாக வந்து நின்று, "எப்படிம்மா நம்ம ரசம்?" என்று கேட்டார். கேட்டால் சொல்லத்தானே வேண்டும்?

"பருப்புத் தண்ணி சேரலை. புளி ரொம்பப் பழசு. மிளகைக் கொட்டி மறைச்சிருக்கீங்க."

பந்தியில் எல்லாக் கையும் நின்றுவிட்டது. "இந்தக் கடையில இதுவரைக்கும் ஒருத்தர் இப்படிச் சொன்னதில்லை" என்றார். முகம் சிவந்துவிட்டது.

"எங்க வீட்டுக்காரருக்குப் பிடிச்ச ரசம். அதுக்காகத்தான் மிச்சம் வைக்காமக் குடிச்சேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவினேன். நிஜமாகவே உங்களுக்கு அது பிடித்திருந்ததா? என் ரசத்தையும் அதே வாயால்தானே நன்றாயிருக்கிறது என்றீர்கள்? ரயிலில் திரும்பி வரும் வழியெல்லாம் இதே யோசனை.

எல்லாக் கடையும் முடிந்தது. கப்பல் வரவில்லை. கால் அடங்கவில்லை. மிச்சமிருந்தது படகு கட்டும் ஜெட்டியோரத்து மலாய்க்காரி கடை ஒன்றுதான். "அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க முடியாது சிவகாமி, அவ்வளவு மீன் நாத்தம்" என்று மூக்கைப் பொத்திக் காட்டுவீர்களே, அந்தக் கடை. டீ மட்டும் குடித்துவிட்டு வரலாம் என்று போனேன்.

எசா என்று அந்த அம்மாளுக்குப் பெயர். நம் அத்தை வயதிருக்கும். மலாய்க்காரர்கள் அந்த வயதுப் பெண்களை மக்சிக் என்று கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே கூப்பிடுகிறேன். தேங்காய் மட்டை நெருப்பில் வாழை இலையில் சுற்றிய மீனைத் திருப்பிக்கொண்டிருந்தவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கூலிகளோடு பழகிக் கற்ற தமிழில் கேட்டாள்.

"நீ கிராணி பொண்டாட்டியா?"

"ஆமாம். எப்படித் தெரியும்?"

"அவன் சொல்லும். மூக்குல செவப்புக் கல்லு, ரொம்ப கோவக்காரி." ஜெட்டித் தூணை ஒட்டிக் கிடந்த ஒரு பலகையைத் தட்டிக் காட்டினாள். "உக்காரு. இது அவன் எடம். மீன் தலை எப்பவும் அவனுக்குத்தான்."

"ஆள் மாறியிருக்கும் மக்சிக். எங்க வீட்டுக்காரர் சைவம். மீனைக் கையால தொட மாட்டார்."

"மாறல. நெத்தியில வெள்ளைக் கோடு போடுற கிராணிதான். திங்கிறதுக்கு முன்ன துணியால அழிக்கும். தின்னு முடிச்சு எலுமிச்சை எலை தேச்சுக் கை கழுவும். பையில பொட்டலம் இருக்கும், திரும்பக் கோடு போடும். 'வீட்டுல தெரியக் கூடாது மக்சிக்'னு சிரிக்கும்."

என்னங்க, வெயிலில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தாலும் உங்கள் நெற்றித் திருநீறு கலையாமல் இருக்குமே! அதை என் அம்மாவுக்குப் பெருமையாகக் கடிதம் எழுதினேனே! இப்படி ஒரு பக்தியா என்று கமலத்திடம்கூடச் சொல்லிச் சொல்லி மாய்ந்தேனே!

டீயைக் குடிக்காமல் எழுந்துவிட்டேன். ஜெட்டியின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்தேன். மூட்டை தூக்குகிறவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். நீங்கள் மீன் தின்றதற்காக எனக்குக் கோபமில்லை. கடல் ஓரத்தில் வேலை செய்கிற மனிதர், பசித்திருக்கும், வாசனை இழுத்திருக்கும். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன்? ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன். பிறகு தனித் தட்டு ஒன்று வாங்கி வைத்திருப்பேன். அவ்வளவுதானே? என்னிடம் சொல்ல முடியாத அளவுக்கு அப்படி என்ன பயம் உங்களுக்கு? நான் அவ்வளவு பொல்லாதவளாகவா இருந்தேன்?

மறுநாள் திரும்பவும் போனேன். "குடுங்க மக்சிக், அவர் தின்னதை நானும் தின்னு பார்க்கறேன்" என்றேன். அவள் வேண்டாம் வேண்டாம் என்றாள். நான்தான் பிடிவாதமாக ஒரு விள்ளலை வாயில் போட்டேன். பொய் சொல்ல மாட்டேன், எனக்குப் பிடிக்கவில்லை. கடலே தொண்டைக்குள் ஏறி வந்ததுபோல் இருந்தது. துப்பிவிட்டேன். மக்சிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். அப்புறம் வெறும் சோறும் பச்சை மாங்காயும் கொடுத்தாள். அதைத் தின்றுகொண்டே அவள் வேலை செய்வதைப் பார்த்தேன். இலையை எப்படித் துடைக்கிறாள், சோற்றை எப்படி மூடி வைக்கிறாள், பழைய மீனை எப்படித் தயங்காமல் பூனைகளுக்கு வீசுகிறாள். அந்த மீன் எனக்குப் பிடிக்காவிட்டாலும் சொல்வேன், இந்த ஊரில் முதல் கடை அதுதான். நீங்கள் புளுகியது அந்த ஒரு கடையைப் பற்றித்தான்.

அப்போதுதான் அவள் சொன்னாள். "இங்க மீன் திங்காத தமிழாளுங்க நெறைய இருக்கு. வெள்ளிக்கிழமை இன்னும் நெறைய. வெறும் டீ குடிச்சுட்டு மூட்டை தூக்கும். நீ வந்து பக்கத்துல உக்காரு, சமையல் பண்ணு." நான் கை கழுவ எழுந்துவிட்டேன்.

கப்பல் வந்தது. வேலுவும் வந்தான். பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு தலையைக் குனிந்தபடி பேசினான்.

"பட்டறை வரைக்கும் பேச்சு வந்துருச்சு அண்ணி. கடை கடையா ஏறிச் சாப்பிடறீங்களாம். கிள்ளான்ல பிள்ளையோட சண்டை போட்டீங்களாம்."

"சண்டை போடலை. ரசம் சரியில்லைன்னு சொன்னேன்."

"அண்ணன் போயி இன்னும் மாசம்கூட ஆகலையே அண்ணி."

"அதனாலதான் வேலு. ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. உங்க அண்ணன் மீன் சாப்பிடறது உனக்குத் தெரியுமா?"

அவன் காது சிவந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வெகுநேரம் பெட்டியிலிருந்த ஆணியைத் தடவிக்கொண்டிருந்தான்.

"நான் இந்த நாட்டுல வந்து எறங்கின அன்னைக்கே என்னை அங்கதான் கூட்டிட்டுப் போனாரு அண்ணி. எனக்கும் பழகிப்போச்சு."

"வேற என்னவெல்லாம் மறைச்சீங்க ரெண்டு பேரும்?"

"சத்தியமா வேற ஒண்ணும் இல்லை. மீன் மட்டும்தான்." அவன் அழுதுவிட்டான். உங்களுக்காக அவன் அழுது நான் பார்த்ததும் அன்றைக்குத்தான். பெட்டி, கப்பல் என்று ஓடிக்கொண்டே இருந்தானே தவிர, அழ அவனுக்கு ஏது நேரம்?

"நான் போகலை வேலு" என்றேன். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்த பிறகுதான், அது என் முடிவு என்று எனக்கே தெரிந்தது. பெரியண்ணன் நல்லவர்தான். ஆனால் அங்கே எனக்கென்று ஒரு மூலையைக் காட்டுவார்கள், நான் அதில் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தக் கால்களை வைத்துக்கொண்டு அந்த மூலையில் எப்படி உட்கார்வேன்?

"தனியா எப்படிப் பொழைப்பீங்க? ஊரு என்ன சொல்லும்?"

"சொல்றதை எல்லாம் சொல்லி முடிச்சுருச்சே, இனிமே என்ன பாக்கி?"

கத்தினான், கெஞ்சினான், வாசலுக்குப் போய் நின்றான். பிறகு கமலம் வீட்டிலிருந்து சுத்தியலை வாங்கிவந்து, தான் அறைந்த ஆணிகளைத் தானே பிடுங்கினான். கப்பல் சங்கு ஊதிக் கிளம்பியபோது இரண்டு பேரும் அம்மியைத் தூக்கிக்கொண்டிருந்தோம். போயிருக்க வேண்டுமோ? அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் சில நாள் அப்படித் தோன்றுகிறது.

கமலத்தின் சித்தி வீட்டுப் பின்னறையில் இப்போது இருக்கிறேன். பெட்டிப் பலகைகளை வைத்து வேலு பெஞ்சு அடித்துக் கொடுத்தான். ஜெட்டியில் மக்சிக் கடைக்குப் பக்கத்தில், மீன் காற்று வராத பக்கமாகப் பார்த்து என் கடை அடுப்பைப் போட்டேன். ஊர்க் கடைகளுக்கெல்லாம் நியாயம் சொன்னவள் அல்லவா, முதல் நாள் என் இட்லிக்கும் நியாயம் கிடைத்தது. மூட்டை தூக்கும் ஒருவர் ஒரு இட்லியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, கோவிச்சுக்காதீங்க. இதை வீசினா கப்பல்ல ஓட்டை விழுந்துரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிள்ளைக்கும் அன்றைக்கு இப்படித்தானே எரிந்திருக்கும்?

"கெணத்துத் தண்ணி உப்பு. மழைத் தண்ணி புடிச்சு வையி" என்றாள் மக்சிக். அப்படியே செய்தேன். இப்போது என் கடையைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். இட்லி பரவாயில்லை. தேங்காய்த் துவையல் நன்றாகவே இருக்கிறது. சாம்பார் சில நாள் அமைகிறது, சில நாள் காலை வாருகிறது. போன வாரம் கிள்ளான் பிள்ளையே ஏதோ சரக்கு எடுக்க வந்தவர் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். சாப்பிட்டு முடித்து, "ரசம் கொஞ்சம் கெட்டி" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அந்த உரிமை உண்டு.

கால் இன்னும் அடங்கவில்லை. கூட்டம் ஓய்ந்ததும் ஜெட்டி முனைவரை போய்த் திரும்புகிறேன். உங்களிடம் கேட்க வேண்டியவை வழியெல்லாம் சேர்ந்துகொண்டே போகின்றன.

அடுத்து உங்கள் திதி வருகிறது. வீட்டில் முறைப்படி தலைவாழை இலை போட்டுச் சைவமாகத்தான் படைப்பேன், அதில் மாற்றமில்லை. படைத்து முடித்ததும் வேலுவைக் கூட்டிக்கொண்டு ஜெட்டிக்குப் போவேன். மக்சிக்கிடம் சொல்லியாகிவிட்டது. தூணை ஒட்டிய உங்கள் பலகையில் சுட்ட மீன், தலையோடு, ஒரு தட்டு இருக்கும். நான் அடுப்புப் பக்கம் திரும்பி நிற்க மாட்டேன், உங்களுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். நீங்கள் நெற்றியை அழிக்க வேண்டாம். அப்படியே வந்து சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
கோபம் தீர்ந்தும் தீராத உங்கள் வீட்டுக்காரி
சிவகாமி