ஹீட்டரில் ஊற்றிய புளி

டிசம்பர் 19, வெள்ளி

இன்றும் தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றுவிட்டது. சந்திரா ஒரு சொம்பு முட்டியில் ஊற்றிப் பார்த்துவிட்டு, போதும், என்னைக் கொண்டுபோய் படுக்க வையுங்கள் என்றாள். மார்கழிக் குளிரில் அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

எங்கள் மகள் கீர்த்தனா போன வருஷம் வாங்கிப் பின்சுவரில் மாட்டிவிட்டுப் போன கேஸ் ஹீட்டர். தொட்டி கிடையாது. குழாயைத் திறந்தால் உள்ளே நெருப்பு பற்றும். செம்புக் குழாய்க்குள் ஓடுகிற தண்ணீர் ஓட்டத்திலேயே சூடாகிவிடும். ஓசூருக்குத் திரும்புகிற அவசரத்தில் மகள் சொன்னது இவ்வளவுதான். இப்போது குழாயைத் திறந்தால் டக் டக் என்கிறது, பற்றுகிறது, அணைகிறது. பஸ் வேலையில் இருந்த காலத்தில் வண்டி மக்கர் பண்ணினால் பயணிகளை இறங்கித் தள்ளச் சொல்வேன். இதற்கு யாரைத் தள்ளச் சொல்வது?

அவளுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி ஐந்து வாரம் ஆகிறது. தையல் ஆறிவிட்டது. பயம்தான் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் முதல்முதலாக நிற்க வைத்தபோது கால் வழுக்கிவிட்டது. ஒன்றும் உடையவில்லை. ஆனால் அன்றிலிருந்து நிற்கவே மாட்டேன் என்கிறாள். சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார வைத்துக் குளியலறைக்குத் தள்ளிப்போகிறேன். பிடித்து நடக்க வாங்கிய வாக்கர் கட்டில் பக்கத்தில் சும்மா நிற்கிறது. என் துண்டைக் காயப்போட வசதியாக இருக்கிறது.

டிசம்பர் 21, ஞாயிறு

ஹீட்டர் பற்றவே இல்லை. அடுப்பில் காய்ச்சிக் குண்டானோடு தூக்கினேன். இடுப்பு போயிற்று.

டிசம்பர் 24, புதன்

பிசியோ சொல்லித்தரும் பெண் ஓவியா வந்தாள். சந்திராவின் முட்டியை மடக்கிப் பார்த்தாள். முகம் சரியில்லை. என்னை வாசலுக்குக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாள். பொங்கலுக்குள் எழுந்து நடக்காவிட்டால் முட்டி அப்படியே இறுகிவிடுமாம். அப்புறம் டாக்டர் மறுபடியும் மயக்க மருந்து கொடுத்து மடக்க வேண்டி வருமாம். மெதுவாகச் சொல்லி என்ன பிரயோஜனம்? சந்திராவுக்குப் பாம்புக் காது.

ராத்திரி சாப்பிடும்போது, “இன்னொரு தடவை அந்த ஆபரேஷன் ரூமுக்குள்ள நான் போவ மாட்டேன். இப்படியே கெடக்கறேன், விட்டுடுங்க”ன்னா. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. கெடந்தா யாருடி தூக்கறது, எனக்கு மட்டும் வயசு திரும்புதான்னு கத்திட்டேன். தட்டை எடுத்துக் கழுவினேன். கழுவிய தட்டையே திரும்பவும் கழுவினேன்.

களைப்பாக இருக்கிறது. எழுதினால் குறையும் என்றுதான் எழுதுகிறேன். குறைகிற மாதிரி தெரியவில்லை.

டிசம்பர் 27, சனி

சுடுதண்ணீர் பட்டு முட்டி இளகினால்தான் மடக்குவேன் என்று அவள் அடம் பிடிக்கிறாள். தண்ணீர் இல்லை, ஆகவே பயிற்சி இல்லை. காரணம் கிடைத்துவிட்டது அவளுக்கு.

ஹீட்டர் மெக்கானிக் வேடியப்பனுக்குப் போன் போட்டேன். எங்கள் போர்த் தண்ணீர் எப்படி என்று கேட்டான். சோற்றுப் பானை அடியில் வெள்ளையாகப் படியும் என்றேன். அதே உப்புதான் செம்புக் குழாய்க்குள்ளும் படிந்து அடைத்திருக்கிறது, மூன்று மாசத்துக்கு ஒரு தரம் கழுவணும் என்றான். ஒரு வருஷமாக நான் அதைத் துணியால் துடைத்ததுகூடக் கிடையாது. தண்ணீர் உள்ளே போகிற இடத்தில் சின்ன சல்லடை இருக்குமாம், அதைக் கழற்றிக் கழுவ வேண்டுமாம். பிறகு உள்ளே வினிகர் ஊற்றி ஊற வைக்க வேண்டுமாம். “வேற எதுவும் ஊத்திடாதீங்க சார்”ன்னு சொன்னான். வந்து செய்துகொடேன் என்றால், புதுவருஷக் கூட்டமும் பௌர்ணமியும் சேர்ந்து வருகிறது, கிரிவலப் பாதையில் வண்டி விட மாட்டார்கள், எல்லாம் முடியட்டும் என்கிறான். பாதையை ஒட்டி வீடு கட்டினால் புண்ணியம் என்றார்கள். மெக்கானிக் வரமாட்டான் என்று யாரும் சொல்லவில்லை.

டிசம்பர் 30, செவ்வாய்

சல்லடையைக் கழற்றிவிட்டேன்! கேஸை மூடி, தண்ணீரை மூடி, ஸ்பேனர் பிடித்து, நானே. உள்ளேயிருந்து கைப்பிடி மணல் கொட்டியது. பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டினேன். தண்ணீர் வேகமாக வருகிறது. சூடுதான் வரவில்லை.

சந்திராவிடம் பெருமையாகச் சொன்னேன். பல் பிரஷ் யாருடையது என்று மட்டும் கேட்டாள்.

ஜனவரி 2, வெள்ளி

பௌர்ணமி. சாயங்காலத்திலிருந்து வாசலில் ஜனம் ஆறாக ஓடுகிறது. வினிகர் வாங்க டவுனுக்குப் போக வழியில்லை. அடி அண்ணாமலைக் கடைகளில் இன்றைக்குத் தண்ணீர் பாட்டிலும் பிஸ்கெட்டும் கற்பூரமும்தான். வினிகரா என்று கடைக்காரன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

திரும்பி வந்து பூஜை விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கறுத்துக் கிடந்தது. சந்திரா நன்றாக இருந்தவரை வியாழக்கிழமை தோறும் புளி போட்டுத் தேய்ப்பாள், பளபளக்கும். அப்போதுதான் புத்தி வேலை செய்தது. பித்தளைக்குப் புளி. செம்புக் குடத்துக்கும் புளிதான். ஹீட்டருக்குள்ளே இருப்பதும் செம்புதானே? வினிகரும் புளிப்பு, புளியும் புளிப்பு. வேடியப்பனுக்கு என்ன தெரியும்!

பெரிய ஜாடியிலிருந்து ரெண்டு கை புளி எடுத்துக் கரைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி, தண்ணீர் உள்ளே போகிற ட்யூபைக் கழற்றி, ஸ்டூல் மேல் ஏறிப் புனலில் ஊற்றினேன். குளியலறைக் குழாயில் பழுப்பாகச் சொட்டியதும் மூடிவிட்டேன். காலை வரை ஊறட்டும்.

படுக்கையிலிருந்து குரல் வந்தது. “என்னா வாசனை அது?”

ரசம் என்றேன்.

ஜனவரி 3, சனி

காலையில் ட்யூபை மாட்டிக் குழாயைத் திறந்தேன். பழுப்பாக ரெண்டு சொட்டு. அவ்வளவுதான். நேற்று வரை தண்ணீராவது வந்தது. வடிகட்டியதையும் தாண்டிப் போன சக்கை எங்கோ உள்ளே உட்கார்ந்துவிட்டது. பின்கட்டில் ஸ்டூல் மேல் நின்று கம்பியால் குத்திக்கொண்டிருந்தேன். குத்தக் குத்த இன்னும் இறுகியது.

அவள் கட்டிலிலிருந்தே விசாரித்தாள். ரசம் எங்கே, ராத்திரி ஊற்றவேயில்லையே என்று ஆரம்பித்தாள். சொல்லிவிட்டேன். வேறு வழி?

“எந்த ஜாடி?”

பெரிய ஜாடி என்றேன்.

பிறகு சொன்னாள். “பாத்திரம் தேய்க்கற பழைய புளி ஜன்னல் மேல டப்பால கீது. நீங்க எடுத்தது கொட்டை எடுத்து, கல்லுப்பு போட்டு அடைச்சு வெச்ச புதுப் புளி. உப்பை எடுக்கறதுக்கு உப்பு போட்ட புளியை ஊத்துனீங்களா?”

இத்தனை நாள் சமைத்தும் அதில் உப்பு இருப்பது எனக்குத் தெரியாது. ரசம் ஏன் கரித்தது என்று இப்போதுதான் புரிகிறது. மறுபடி கம்பியை எடுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வயசான காலத்தில் ஒரு குழாய் முன்னால் நின்று அழுகிறேன், வெட்கமாக இருந்தது. இந்தக் குழாயை நம்பித்தான் அவள் கால் இருக்கிறது, அதையும் அடைத்துவிட்டேன்.

அப்போது ஒரு சத்தம். டக். அப்புறம் தேய்க்கிற சத்தம். மறுபடி டக். ஹீட்டர்தான் பற்றப் பார்க்கிறதோ என்று நினைத்தேன், கேஸை மூடி வைத்தது ஞாபகம் இல்லாமல்.

திரும்பினேன். பின்கதவில் சந்திரா நிற்கிறாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு. என் துண்டு அதில் அப்படியே தொங்குகிறது.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவள் நிற்பது அவளுக்கே ஞாபகம் வந்துவிடும் என்று பயம்.

“போன பக்கத்துலயே எத்தினி நேரம் குத்துவீங்க? வர்ற பக்கம் ட்யூபை மாட்டித் தண்ணியத் தொறங்க. போனது அதுவா திரும்பி வரும்”னா.

மாட்டினேன். திறந்தேன். சக்கையும் நாரும் வெள்ளை வெள்ளையாக உப்புப் பொருக்கும் என் கால்மேல் கொட்டியது. அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு எல்லாம் வந்து முடிகிறவரை நின்றாள். அதற்கப்புறம்தான் குனிந்து தன் காலைப் பார்த்தாள். நாற்காலியைக் கொண்டுவாங்க என்றாள்.

சக்கரம் உடைந்துவிட்டது என்றேன். பச்சைப் பொய். அவளுக்கும் தெரியும். முறைத்தாள். நான் பின்னாலேயே கையை நீட்டிக்கொண்டு போனேன், தொடாமல்.

ஜனவரி 5, திங்கள்

நாற்காலியை மொட்டை மாடியில் போட்டுவிட்டேன். பேச்சு வார்த்தை இல்லை. ஆனால் நடக்கிறாள்.

ஜனவரி 8, வியாழன்

வேடியப்பன் வந்து வினிகர் ஊற்றிக் கழுவிக் கொடுத்தான். உள்ளே புளி வாசனை ஏன் என்று கேட்டான். எலி ஏதாவது கொண்டுபோய் வைத்திருக்கும் என்றேன். நம்பவில்லை. குழாயைத் திறந்ததும் நெருப்பு ஒரே தரத்தில் பற்றியது.

ஜனவரி 12, திங்கள்

சந்திரா வாக்கரோடு உள்ளே போய்க் குளியலறைக் கதவைத் தாழ் போட்டிருக்கிறாள். தாழ் போடாதே என்றேன், கேட்கவில்லை. வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன். சூடு ஜாஸ்தியாக இருக்கிறதாம், ஹீட்டரில் கம்மி பண்ணச் சொல்லி உள்ளேயிருந்து அதட்டுகிறாள். பண்ணிவிட்டு வந்தேன்.

நான் குளித்த துண்டு ஈரமாகத் தோளிலேயே கிடக்கிறது. காயப்போட இடமில்லை.