இருபத்தேழு வயதுத் தத்துப்பிள்ளை

ஸ்காபரோ, ரொறன்ரோ
9.3.1997

அன்புள்ள பாலேஸ் அக்காவுக்கு,

கிளடிஸ் எழுதுவது. நானும் உங்கள் மகள் கௌசியும் சுகம். சுகமில்லை என்று எழுதினால் நீங்கள் வெள்ளவத்தையிலிருந்து ஃபோன் எடுப்பீர்கள், எடுத்தால் அழுவீர்கள், நீங்கள் அழுதால் நான் பகிடி விடுவேன், கடைசியில் ஒருவரும் விசயத்தைக் கதைக்க மாட்டோம். அதனால்தான் கடிதம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்தைப் பார்த்துச் சிரிக்காமல் ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

முதலில் புதினம். மார்ச் பிறந்தும் பனி விடவில்லை. கௌசி வேலை செய்யும் கந்தோரில் அவளுக்குத் தனி மேசை கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் மட்டும் அவள் பொலிஸ். வெள்ளிக்கிழமை என் மீன்சட்டி அடுப்பில் ஏறக்கூடாது. எங்கள் வேதத்தில் வெள்ளிக்கிழமை இறைச்சிதானே இல்லை, மீன் உண்டே என்றால், ‘அன்ரி, உங்கட சவேரியார் மன்னிப்பார், எங்கட முருகன் மன்னிக்க மாட்டார்’ என்கிறாள். உங்கள் வளர்ப்பு, நான் என்ன சொல்ல.

இனி விசயம். தை மாதம் வெக்ஸ்போர்ட்டில் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் நான் விழுந்துவிட்டேன். பித்தப்பையில் கல்லாம். ஆஸ்பத்திரிக்கு கௌசி ஓடி வந்தாள். நீர் இவவுக்கு என்ன முறை என்று தாதி கேட்டிருக்கிறாள். உங்கள் மகள் என்ன சொன்னாள் தெரியுமா? ‘நான் இவவின்ர வீட்டில வாடகைக்கு இருக்கிறன்’ என்றாளாம். உள்ளே விடவில்லை. பாரிஸில் இருக்கும் என் தம்பியைத் தேடிப் பிடித்து ஃபோன் எடுத்திருக்கிறார்கள். அவன் என் முகத்தைப் பார்த்துப் பன்னிரண்டு வருடம். எனக்கு வயிற்றை வெட்டிக் கல்லெடுத்த நேரம் முழுக்கக் கௌசி வெளியே கதிரையில் இருந்தாளாம், சப்பாத்துப் பனி கரைந்து காலடியில் தண்ணீர் நிற்க.

இதிலுள்ள பகிடியை நீங்கள் கவனிக்க வேண்டும் அக்கா. பத்து வருடத்துக்கு முன் பார்க்டேலில் நான் இருந்தபோது கோயில் ஆட்கள் பதினேழு வயதுப் பிள்ளையைக் கொண்டுவந்து, இரண்டு கிழமைக்கு வைத்திருங்கோ என்றார்கள். அந்த இரண்டு கிழமை இன்னும் முடியவில்லை. அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால் விண்ணப்பப் போமில் தாய் என்ற இடத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். நான் போட்டேன். யாருடைய பிள்ளையையும் மகள் என்று கூப்பிடுகிற சனம் நாங்கள், இதில் என்ன பிழை என்று நினைத்தேன். அந்த ரீச்சர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, உன் பெயர் அருள்நாயகம் என்று முடிகிறது, மகளின் பெயர் ஏன் இரத்தினவேல் என்று முடிகிறது என்றாள். எனக்குப் பின்னால் நிற்பது என் மனுசன், பிள்ளைக்குப் பின்னால் நிற்பது அவளுடைய தகப்பன் என்று எந்த இங்கிலிஷில் சொல்ல? ‘தமிழாக்களுக்கு அப்பிடித்தான்’ என்றேன். நம்பிவிட்டாள். அதோடு வீட்டு மனேச்சரும் நம்பினார், பல்லு டொக்டரும் நம்பினார். நான் பத்து வருடம் பொய் சொல்லி வளர்த்த பிள்ளை, பொய் சொல்ல வேண்டிய ஒரே இடத்தில் உண்மையைச் சொல்லிப்போட்டாள்!

வீட்டுக்கு வந்த பிறகு கௌசி என்னை லோயர் குலசிங்கத்திடம் இழுத்துக்கொண்டு போனாள். நல்ல பெடியன், நம்மவன். அடுத்த முறை அவளை ஆஸ்பத்திரிக்குள் விடும்படி ஒரு பத்திரம் எழுதித் தந்தான். கையெழுத்து வைத்தோம். அதோடு எழும்பியிருக்கலாம். நான் குளிர்க் கோட்டையும் போட்டுவிட்டேன். கௌசி எழும்பவில்லை. மேசையைப் பார்த்தபடி, ‘மகள் எண்டே எழுதேலாதோ?’ என்று கேட்டாள்.

எழுதலாமாம் அக்கா. வளர்ந்த ஆளையும் இங்கே தத்தெடுக்கலாமாம். நான் நீதிமன்றத்துக்கு விண்ணப்பம் போட வேண்டும், அவள் சம்மதம் எழுத வேண்டும், இரண்டு பேரும் எப்படி ஒன்றாக இருந்தோம் என்று சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும், நீதவான் பார்த்துக் கையெழுத்து வைப்பாராம். இருபத்தேழு வயதில் தத்துப்பிள்ளை, தொட்டில் எந்தக் கடையில் வாங்குவது என்று கேட்டேன். குலசிங்கம் சிரித்தான். உங்கள் மகள் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடப் போமில் வைத்த கையெழுத்தை நினைத்தால் எனக்குத்தான் சிரிப்பு. பொய் சொன்ன குற்றத்துக்குக் கோட்டுக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். சொன்ன பொய்யை உண்மையாக்கப் போகிறவள் நான் ஒருத்திதான்.

பெயரை மாற்ற வேண்டுமோ என்று முதல் கேள்வியாகக் கேட்டேன். விரும்பினால் மாற்றலாம், விட்டாலும் சரியாம். விட்டுவிடு தம்பி என்றேன். இரத்தினவேல் அண்ணை கண்ணை மூடினாலும் அவளுக்குப் பின்னால் நிற்கிற மனிசன். அவரை நான் அந்த இடத்திலிருந்து விலக்க மாட்டேன்.

பெற்ற தாயின் கையெழுத்து வேண்டுமோ என்றது இரண்டாவது கேள்வி. பதினெட்டைத் தாண்டிய பிள்ளைக்கு அது தேவையில்லையாம். எனக்கு அது பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு தேங்காய் எடுப்பதென்றாலும் கேட்டுத்தானே எடுப்போம்.

மூன்றாவது கேள்வியைக் கேட்டிருக்கக்கூடாது, கேட்டதும் நல்லதுதான். இதற்குப் பிறகு பாலேஸ் அக்கா என்ன முறை என்றேன். அவன் பேனையை வைத்துவிட்டான். நீதவான் கையெழுத்து வைத்த நாளிலிருந்து சட்டத்துக்குத் தாய் நான் மட்டுமாம். நீங்கள் அவளைப் பெறவேயில்லை என்கிற மாதிரியாம். பிறகு திருப்பவும் முடியாதாம். ‘அப்ப அம்மாவுக்குப் போட்ட ஸ்பொன்சர்?’ என்று கௌசி கேட்டாள். தாய் என்று போட்டு உங்களைக் கனடாவுக்குக் கூப்பிட ஏலாதாம், கதை முடிந்ததாம். பிள்ளையின் முகத்தில் இரத்தமில்லை. கேட்டதை வாயில் திருப்பிப் போட ஏலாமல் என்னையும் பார்த்தாள், சுவரையும் பார்த்தாள்.

நான் மேசையில் தட்டிச் சொன்னேன்: ‘தம்பி, பைலை மூடும். இவவின்ர அம்மா வந்து இறங்கட்டும், பிறகு திறப்பம்.’ அவன் யோசித்துப் பார்த்து, அது நல்ல யோசனை, வந்து இறங்கி இங்கத்தைய ஆளானபின் இதைக் காட்டி அவவை யாரும் திருப்பி அனுப்ப ஏலாது என்றான். ஐந்தாம் வகுப்பு மூளை அக்கா, லோயருக்கு வராத யோசனை எனக்கு வந்தது!

இப்போது உங்களிடம் வருகிறேன். தப்ப முடியாது. கௌசி அனுப்பிய ஸ்பொன்சர் போம் இரண்டு வருடமாக உங்கள் அலுமாரிக்குள் கிடக்கிறது. மெடிக்கல் சோதனைக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டால் குளிர் என்பீர்கள், முழங்கால் என்பீர்கள். போன மாதம் என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னீர்கள்: ‘நான் வந்து என்ன செய்ய, அவளுக்கு நீர் இருக்கிறீர்தானே.’

அன்று நான் பகிடி விட்டு ஃபோனை வைத்துவிட்டேன். இன்று பதில் எழுதுகிறேன். நான் இருக்கிறேன்தான். ஆனால் நீங்கள் வராமல் நான் அவளுக்குத் தாயாக ஏலாது அக்கா. இங்கத்தைய சட்டம் எங்கள் இரண்டு பேரையும் ஒரு கயிற்றில் கட்டிவிட்டது. எயர்போட்டில் இமிகிரேஷன்காரன் கேட்டால் ஸ்பொன்சர் போட்டது என் மகள் என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள். பிறகு கோட்டில் நான் சொல்கிறேன். அன்றைக்கு நீங்கள் முன்வரிசை வாங்கில் இருக்க வேண்டும். நீதவான் என்னத்தை எழுதினாலும், வீட்டுக்கு வந்து அவள் அம்மா என்று கூப்பிட்டால் நாங்கள் இரண்டு பேரும் ஓம் என்போம். யார் முதலில் சொல்கிறது என்று சண்டையும் பிடிப்போம்.

கௌசிக்கு இந்தக் கடிதம் தெரியும். ‘எழுதுங்கோ, அம்மாவைப் பயப்படுத்தாதேங்கோ’ என்றாள். அவளுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியில் என்னிடம் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார்கள். இருபது வருடமாக எல்லாப் போமிலும் அந்த இடத்தில் ஒரு கோடு கீறுவேன். அன்று கீறாமல் போமைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

கல்லை எடுத்துவிட்டார்கள். சித்திரையில் இன்னொரு சோதனை வைத்திருக்கிறார்கள். அது சும்மா, டொக்டர்மாருக்கும் பொழுது போக வேண்டுமே. நீங்கள் யோசிக்க வேண்டாம்.

அலுமாரியைத் திறவுங்கோ. போமை நிரப்புங்கோ. தடித்த சொக்ஸ் ஆறு சோடி வாங்கி வைத்திருக்கிறேன், உங்கள் முழங்காலுக்கு நான் பொறுப்பு. நீங்கள் வரும்வரை நான் பொய்காரியாகவே இருக்கிறேன், பத்து வருடப் பழக்கம், கஷ்டமில்லை. ஆனாலும் அக்கா, என்னைக் கனகாலம் அப்படி இருக்க விடாதேங்கோ.

சவேரியாரும் உங்கள் முருகனும் சேர்ந்து உங்களைக் கூட்டி வரட்டும்.

இப்படிக்கு,
இப்போதைக்கு உங்கள் மகளின் வீட்டுக்காரி மட்டுமான
கிளடிஸ்