கதவில்லாத கடை

மேபிள்தோர்ப்,
செப்டம்பர் 24.

அன்பு மகள் கிர்ஸ்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். வாரா வாரம் போனில் பேசுகிறவள் இப்போது எதற்குத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பாய். போனில் பேசும்போது அப்பா பக்கத்து நாற்காலியிலேயே இருக்கிறார். அவர் மாடிக்குப் போனாலும் நம் வீட்டுச் சுவரின் லட்சணம் உனக்குத் தெரியும், கீழே தும்மினால் மேலே கேட்கும். அதனால்தான் கடிதம். காசு போட்டு ஆடும் மெஷின்கள் நிற்கிற நம் கடையில், சில்லறை மாற்றிக் கொடுக்கும் கூண்டுக்குள் இருந்து எழுதுகிறேன். வெளியே நல்ல மழை. கடலும் வானமும் ஒரே அழுக்குத் துணியாகக் கிடக்கின்றன. நம் வாடிக்கைக்காரி பவுலினைத் தவிர உள்ளே ஆள் இல்லை. அவள் வழக்கம்போல ஹீட்டருக்குப் பக்கத்து மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

உனக்குப் பதவி உயர்வு கிடைத்ததில் எங்களுக்கு ரொம்பச் சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை போனில் அதைச் சரியாகச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அப்பாவுக்கும் சந்தோஷம்தான். நீ போனை வைத்ததும் அவர் சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவ ஒன்றும் இல்லாமலேயே வெகுநேரம் நின்றார். நான் போய்த்தான் குழாயை மூடினேன்.

அப்பாவின் முழங்கால் நன்றாகத் தேறிவிட்டது. படி இறங்கும்போது மட்டும் கம்பு வேண்டியிருக்கிறது. ஆபரேஷன் செய்த டாக்டரம்மா இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இந்த முழங்காலிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்பதால் இதை முதலில் எழுதினேன்.

ஆகஸ்ட் கடைசியில் டாரில் வந்தான். நமக்கு மெஷின் கொடுக்கும் கம்பெனிக்காரன், உனக்கு நினைவிருக்கும், சட்டைப் பையில் எப்போதும் மின்ட் மிட்டாய் வைத்திருப்பானே. இந்தத் தடவை மிட்டாய் தரவில்லை, ஒரு திரையைக் கொண்டுவந்து படம் காட்டினான். "கிளென்டா மேடம், சக்கரத்துல பழப் படம் சுத்துற பழ மெஷினுக்கெல்லாம் இனி உதிரி பாகமே வராது. இப்ப யாரு பையில காசு இருக்கு சொல்லுங்க? கார்டைத் தட்டணும், திரையைத் தடவணும், ஆளோட போனும் மெஷினும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கணும். அதுதான் இந்தத் தொழிலோட வருங்காலம். இப்ப மாறலேன்னா, அடுத்த வருஷம் பொம்மை புடிக்கிற மெஷினை வச்சுக்கிட்டு ஈ ஓட்ட வேண்டியதுதான்" என்றான்.

அப்பாவின் குணம் உனக்குத் தெரியும். டாரில் வருங்காலம் என்று வாயைத் திறந்தாலே, "உங்கப்பனும் இதே கூண்டுக்கிட்ட நின்னு இதே வருங்காலத்தைத்தான் என் தலையில கட்டினான்" என்று பிடித்துக்கொள்வார். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் கத்திவிட்டு, பிறகு சேர்ந்து சிப்ஸ் சாப்பிடப் போவார்கள். அன்றைக்கு அப்பா தலையை மட்டும் ஆட்டினார். "பாக்கலாம்ப்பா" என்றார். டாரில் விடாமல், "என்ன நெவில், புது மெஷினுக்குப் பணம் ரெடியா இருக்குன்னு மார்ச்சுலயே சொன்னீங்களே?" என்று கேட்டான். அப்பா தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் தேநீர்த் தட்டோடு நின்றேன். டாரில் என்னைப் பார்த்தான். நான் பிஸ்கட்டைப் பார்த்தேன்.

கிர்ஸ்டி, அதற்கு முன்பே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சொன்னால் சிரிப்பாய். அப்பாவுக்கு வேறு பெண் யாரோ என்று நினைத்தேன். போனைக் கவிழ்த்து வைப்பது, குளியலறைக்குள் போனால் வெளியே வராதது, கூப்பிட்டால் திடுக்கிடுவது. வாரத்தில் இரண்டு நாள் முழங்காலுக்குப் பயிற்சி என்று காரை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர் லௌத்துக்குப் போவார். ஒருநாள் கடையில் ரொட்டி வாங்கும்போது, அந்தப் பயிற்சி கொடுக்கும் பெண் என்னைப் பிடித்துக்கொண்டு, "நெவில் எப்படி இருக்கார்? ஆளையே காணோமே, கால் சரியாயிடுச்சா?" என்று கேட்டாள். ரொட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த தடவை அவர் கிளம்பியதும் நானும் கிளம்பினேன். ஊர் முழுக்கத் தேட வேண்டியிருக்கவில்லை. வடக்குக் கடற்கரையில், மணல் மேட்டுக்கு இந்தப் பக்கம் கார் நிறுத்துமிடத்தில் நம் நீல வண்டி நின்றது. அந்தப் பெண்ணிடம் என்ன பேச வேண்டும் என்று வழி முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டு நடந்தேன். லிப்ஸ்டிக் கூடப் போட்டிருந்தேன். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்திருந்தது. கதவைப் படாரென்று திறந்தேன்.

அப்பா மட்டும்தான் இருந்தார். மடியில் பாதி சாப்பிட்ட சாண்ட்விச். கையில் போன், அதில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை. "இரு கிளென்டா, இந்த ஒண்ணு மட்டும் முடிஞ்சுடட்டும்" என்றார்.

நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, கடையை மூடுகிற ஒவ்வொரு சாயங்காலமும் இந்த வார்த்தைகளைக் கேட்டிருக்கிறேன், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறவர்களிடமிருந்து. உன் அப்பா வாயிலிருந்து ஒரு நாளும் கேட்டதில்லை. நம் மெஷின்களில் அவர் ஒரு காசு போட்டுப் பார்த்ததில்லை. "எவ்வளவு போட்டா எவ்வளவு திரும்பும்னு மெஷின் நெத்தியிலயே ஒட்டியிருக்கு. அதைப் படிச்சுட்டும் போடுறாங்க பாரு" என்று சிரிக்கிறவர் அவர். நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். வேறு பெண்ணாக இருந்திருந்தால் தேவலை என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சண்டையாவது போட்டிருப்பேன்.

திரை நின்றதும் அவராகவே பேசினார். "நம்ம கடைன்னா கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள வரணும். காசு தீந்தா உன்கிட்ட வந்து நோட்டை மாத்தணும், உன் மூஞ்சியப் பாக்கணும். இதுல மூஞ்சியே இல்ல கிளென்டா. படுக்கையில இருக்கேன், கக்கூஸ்ல இருக்கேன், அது பாட்டுக்கு ஓடுது. உள்ள வந்ததே தெரியல, வெளிய போறதுக்குக் கதவு எங்கன்னு யாரைக் கேக்கறது?"

இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. எழுந்து பவுலினுக்கு ஒரு தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். இனி எழுதத்தான் வேண்டும்.

அந்தத் திரையில் மாலுமித் தொப்பி போட்ட ஒரு கடற்காகம் இருந்தது. ஒருவர் கையிலிருந்து சிப்ஸைப் பிடுங்கிக்கொண்டு பறக்கிற காகம். உன் கம்பெனியின் சூதாட்ட விளையாட்டுக்கு நீ வரைந்ததுதான் கண்ணு. நீ அதை எங்களுக்கு அனுப்பியபோது அப்பா ஊரில் ஒருவரை விடவில்லை. மீன் கடை ரோலன்டிடம் போய், "எம்பொண்ணு வரைஞ்சது, இந்தத் திருட்டுப் பய நம்ம கரையில பொறந்தவன்யா" என்று காட்டினார். ஆபரேஷன் முடிந்து காலை நீட்டிக்கொண்டு வீட்டில் கிடந்தபோது அந்தக் காகத்தைப் பார்க்க ஆசை வந்திருக்கிறது. பெரிய பரிசு விழுந்தால்தான் அது பறந்து வருமாமே. அதைப் பார்க்கத்தான் முதல் தடவை காசு போட்டாராம்.

உன்னைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. உன்னை ஓவியக் கல்லூரியில் படிக்க வைத்தது இந்தக் கடையும் இந்தச் சக்கரங்களும்தான். நான் யாரைக் குற்றம் சொல்ல முடியும்? புது மெஷினுக்கென்று வைத்திருந்தது போய்விட்டது. கடைக் கூரைக்கென்று வைத்திருந்ததும் போய்விட்டது. எவ்வளவு என்று எழுத மாட்டேன். எழுதினால் நீ அனுப்பக் கிளம்புவாய். அந்தச் சம்பளத்திலிருந்து வருவதை அப்பா தொட மாட்டார்.

அவரே உதவி கேட்டார் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு நாள் காலை, நான் முட்டை பொரித்துக்கொண்டிருந்தபோது, "சூதாட்டத்தை விட உதவி பண்றாங்களே, அந்த நம்பரைப் போட்டுக் குடு" என்றார். எதிர்முனையில் வேல்ஸ்காரப் பையன் ஒருவன், நல்ல பிள்ளை, அவசரப்படுத்தவில்லை. இந்த மாதிரி எந்த விளையாட்டுக்குள்ளும் தன்னை விடாதபடி அப்பா தன் பெயரைக் கொடுத்து வழியை அடைத்துக்கொண்டார். வங்கிக் கார்டு என் பையில் இருக்கிறது. போனை விற்றுவிட்டோம். அவரிடம் இருப்பது பொத்தான் போன். ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறோம் என்று நான் உன்னிடம் சொன்னது பொய்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. போன வாரம் என் போனை எடுத்தார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. சும்மா கையில் வைத்திருந்தார். பிறகு மேசை மேல் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய், தக்காளிச் செடிகளை எல்லாம் வேரோடு பிடுங்கிப் போட்டார். காய் இன்னும் பழுக்கவே இல்லை. நான் காய்களைப் பொறுக்கினேன். சட்னி செய்துவிட்டேன், நிறைய இருக்கிறது.

டாரிலிடம் அப்பா சொல்லிவிட்டார். "பழ மெஷின் எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுப் போ. புதுசும் வேணாம்." டாரில் முதலில் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தான். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மேடம், நீங்க எடுத்துட்டா மட்டும் ஜனங்க விட்டுடுவாங்களா? என் வயித்துல அடிச்சதுதான் மிச்சம்" என்றான். அவனுக்கும் இரண்டு பிள்ளைகள். அவன் கம்பெனியிலும் ஆட்களைக் குறைக்கிறார்களாம். அக்டோபர் பள்ளி விடுமுறை முடிந்ததும் லாரி வரும். செம்புக் காசைத் தள்ளுகிற மெஷினும் பொம்மை பிடிக்கிற மெஷினும் இருக்கும். மிச்ச இடத்தில் நான்கு மேசை போட்டுத் தேநீரும் கேக்கும் விற்கலாம் என்று எனக்கு யோசனை. அதில் பிழைக்க முடியுமா என்று கேட்காதே. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 25.

நேற்று இதை முடிக்க முடியவில்லை. பவுலினிடம் மெஷின்கள் போகப்போகும் செய்தியைச் சொன்னேன். கணவர் லென் இறந்ததிலிருந்து அவளுக்கு மத்தியானம் என்றால் இந்தக் கடைதான், அழுதுவிடுவாளோ என்று பயந்துகொண்டே சொன்னேன். அவள் சாதாரணமாக, "அதுக்கென்ன கண்ணு, மருமக இந்த ஆட்டத்தை என் போன்லயே போட்டுக் குடுத்துட்டா. இனி மழையில பஸ்ஸுக்கு நிக்க வேணாம்" என்று பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். என்ன செய்கிறேன் என்று தெரியாமல் நான் அந்தத் திரையைக் கையால் மூடினேன். "வேணாம் பவுலின், அதை எடுத்துடு" என்றேன்.

அவள் என் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அடேங்கப்பா, சொல்றது யாரு பாரு! இத்தனை வருஷமா எனக்கு நோட்டை மாத்திக் குடுத்த கைதானே இது?" என்றாள். நான் கையை எடுத்துக்கொண்டேன். அவள் கோபமாகவும் கேட்கவில்லை, அதுதான் தாங்கவில்லை. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "சரி விடு, லாரி வந்துட்டுப் போனப்புறம் டீயாவது உண்டா?" என்றாள். உண்டு என்றேன். "அப்ப வருவேன். சீட்டுக்கட்டு கொண்டாரேன், உன்னைத் தோக்கடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனாள். மத்தியானம் வருவாள். மற்ற நேரமெல்லாம் வீட்டில் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது.

இனி உன்னிடம் கேட்க வந்ததைக் கேட்கிறேன். உன்னிடம் சொல்லவே கூடாது என்று அப்பா என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். "அவ வேலையை ரசிச்சுச் செய்யறா, அதுல மண்ணைப் போடாதே" என்றார். நான் சரி என்றேன். இப்போது சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ அடுத்த விளையாட்டைப் பற்றிச் சொன்னபோது, அது எவ்வளவு வேகமாக இருக்கும், கையை விட்டு இறக்கவே மனசு வராது என்றாய். அப்பா அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். உன் வேலையை விடச் சொல்லி நான் எழுதவில்லை. உன் சம்பளம், உன் வீடு, உன் வாழ்க்கை. அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

நவம்பரில் ஒரு தடவை வந்துவிட்டுப் போ. கிறிஸ்துமஸ் வரை தள்ளாதே. கடல்நாய்கள் குட்டி போட மணலுக்கு வந்திருக்கும், உன்னைக் கூட்டிப் போக வேண்டும் என்று அப்பா இப்போதே மணலில் கம்பை ஊன்றி நடந்து பழகுகிறார். கதவைத் திறந்ததும் அவர் முதலில் உன் முகத்தைத்தான் பார்ப்பார், நான் சொல்லிவிட்டேனா இல்லையா என்று. ஒன்றும் தெரியாதவள்போல் இரு என்று எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன், இதோ அடித்த கோடு உனக்கே தெரியும். உன் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. எப்படி இருந்தாலும் சரி, பெட்டியைக் கீழே வைத்துவிட்டு முதலில் அவரைக் கட்டிக்கொள். பேச்சு எல்லாம் அப்புறம்.

அந்த ஊர் வெயிலில் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு. சின்ன வயதிலிருந்தே உனக்குக் கடவுள் நல்ல கையைக் கொடுத்திருக்கிறார். அந்தக் கை என்றைக்கும் நன்றாக இருக்கட்டும். அது எதை வரைய வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்வதை அவரிடமே சொல்லிக்கொள்கிறேன்.

உன் வரவுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
அம்மா
கிளென்டா