தரையில் பதித்த காலடிகள்

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். துபாயில் வெயில் கொஞ்சம் குறைந்திருக்கிறது. இப்போது என்னை ஹோட்டல் முற்றத்தைக் கூட்டுகிற வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே தரையில் பித்தளைக் காலடிகள் பதித்திருக்கிறார்கள். டாங்கோ என்ற ஆட்டமாம், ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடுவது. வருகிறவர்கள் அந்தத் தடங்களில் கால் வைத்து ஆடிப்பார்த்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

என் தம்பி நம் ஊர் ஹட்டனிலிருந்து போனில் பேசினான். நம் வீட்டுக் கொடியில் யாருடைய சேலை காய்கிறது என்று சொன்னான். நான் சரி என்றேன்.

மறுநாள் டியூட்டியில், என்னுடன் வேலை செய்கிற காளியம்மாக்கா, "வாடி, நான் ஆம்பளை காலில நிக்கிறேன், நீ பொம்பளை காலில நில்லு" என்று கையைப் பிடித்து இழுத்தார். அவரிடம் மட்டும் எல்லாம் சொல்லியிருந்தேன். அவர் ஒரு அடி முன்னால் வைத்தால் நான் ஒரு அடி பின்னால் வைக்க வேண்டும். பின்னால் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்க்கக் கூடாதாம். நான் பாதியில் நின்றுவிட்டேன்.

"ஏன்டி அழவே மாட்டேங்குற?" என்று அக்கா கேட்டார்.

துணியை நனைத்துத் தடங்களைத் துடைத்தேன்.

மகளை என் அம்மா வீட்டில் விட்டுவிடுங்கள். அவளுடைய பள்ளிக்கூட உடுப்புகளையும் கொடுத்தனுப்புங்கள். இன்னும் இரண்டு வருட வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா