தண்ணீர் விடாத மாதங்கள்

அன்பையும் அதட்டலையும் ஒரே குரலில் தந்த என் மாமிக்கு,

அம்பிட்டியவில் இன்றைக்கும் மழை. மூன்று நாளாக எதிர் மலையைக் காணவில்லை. நீங்கள் இருந்திருந்தால் சால்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு, "இதென்ன ஊரப்பா, உடுப்பும் காயாது, மனுசரும் காயாயினம்" என்று சொல்லியிருப்பீர்கள்.

உங்கள் அடீனியச் செடியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அது அழுகிப் போகப் பார்த்தது, மாமி. அழுக வைத்தவர்கள் நாங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து எங்களோடு இருக்க வந்தபோது, நீங்கள் பஸ்ஸில் வழி முழுக்க மடியில் வைத்துக் கொண்டுவந்த செடி. அங்கே முற்றத்து வெயிலில் ஓயாமல் பூத்தது, இங்கே மார்கழிக் குளிர் தொடங்கியதும் இலைகளை மஞ்சளாக்கி உதிர்த்துவிட்டு மொட்டையாக நின்றது. நான் பதறிப்போய் வாளியோடு வந்தேன். "அங்கால போம் பிள்ளை. அது நித்திரை. நித்திரை கொள்ளுற ஆளை எழுப்பித் தேத்தண்ணி பருக்குவீரோ?" என்றீர்கள்.

தூவானம் படாத விறாந்தை மூலைக்குப் பூச்சாடியை இழுத்து வைத்தீர்கள். மாசி வெயில் வரும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பெருவிரலால் அடித்தண்டை அமத்திப் பார்ப்பீர்கள், அவ்வளவுதான். கல்லுப்போல இருந்தால் சுகம், மெத்தென்றிருந்தால் அழுகல். ஐந்து மார்கழி அப்படிப் போனது. ஐந்து பங்குனியிலும் பூத்தது.

நீங்கள் போன பிறகு வந்த முதல் மார்கழி இது. சாடியை நான்தான் மூலைக்கு இழுத்தேன். போன கிழமை அமத்திப் பார்த்தால் விரல் உள்ளே இறங்குகிறது. மழை பட வழியில்லாத இடத்தில் மண் சேறாகக் கிடக்கிறது.

"ஆர் இதுக்குத் தண்ணி விட்டது?" என்று சத்தம் போட்டேன்.

உங்கள் மகன் பேப்பரை இறக்காமலே, "பின்னேரத்தில ஒரு கோப்பை. ஒரு கோப்பைதான்" என்றார்.

"நான் பள்ளிக்கூடம் போகேக்க விடுறனான்" என்றாள் உங்கள் பேத்தி. பிறகு என்னைப் பார்த்து, "ஞாயிற்றுக்கிழமை நீங்கள் விட்டதையும் கண்டனான், அம்மா."

ஓம் மாமி, நானும்தான். ஒரே வீட்டில் மூன்று பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல்.

"எல்லாம் தெரிஞ்சுகொண்டு ஏனப்பா விட்டனீங்கள்?" என்று அவரைக் கேட்டேன்.

"இலையில்லாமல் நிக்கிறதைப் பாக்க ஏலாமல் கிடந்தது." பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அம்மாக்கும் குடுக்கேல்லை" என்றார்.

இதயம் தாங்காது, தண்ணீரைக் குறையுங்கள் என்று டொக்டர் சொன்ன பிறகு, உங்கள் கடைசி இரண்டு மாதமும் நாளுக்கு ஒரு சின்னப் போத்தல்தான். அந்தப் போத்தல் என் கையில் இருந்தது. நீங்கள் அதையும் பகிடியாக்கினீர்கள். "என்னையும் விறாந்தைச் சாடியாக்கிப் போட்டீர். மாசி பிறந்தாத் தண்ணி விடுவீர்தானே?"

ஒரு பின்னேரம் மட்டும் பகிடி இல்லை. "ஒரு வாய் தாரும் பிள்ளை" என்றீர்கள். அன்றைய போத்தல் முடிந்திருந்தது. ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்துவிட்டு, "நாளைக்கு, மாமி" என்றேன். நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். அந்த ஒரு வாயைத் தந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? டொக்டரிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. உங்களிடம் கேட்கிறேன்.

செடியை மூவருமாகச் சாடியிலிருந்து எடுத்தோம். உங்கள் மகன் சவரப் பிளேட்டைச் சுடுதண்ணீரில் கழுவி, வெள்ளைச் சதை தெரியும்வரை அழுகலைச் சீவினார். அடித்தண்டில் பாதி போய்விட்டது. அழுகல் பரவாமலிருக்க வெட்டில் கறுவாப்பட்டைத் தூளை அப்பி, காயட்டும் என்று குசினி அடுப்புக்கு மேல் கம்பியில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டோம்.

"அப்பம்மா பாத்தா ஏசுவா" என்றாள் பேத்தி.

"கறுவாவை வீணாக்கினதுக்குத்தான் முதல் ஏச்சு" என்றார் அவர். நாங்கள் சேர்ந்து சிரித்துக் கனநாளாயிற்று, மாமி.

இன்று காலை பார்த்தபோது வெட்டு நன்றாகக் காய்ந்திருந்தது. ஆற்றுமணல் கலந்து நட்டு, பழைய மூலையிலேயே வைத்தேன். அமத்தியும் பார்த்தேன். கல்லுப்போல இல்லை, ஆனாலும் விரல் இறங்கவில்லை. பிழைக்குமா என்று எனக்குத் தெரியாது.

தெரிந்ததைச் சொல்கிறேன். அது இலை விடும்வரை நான் தண்ணீர் விட மாட்டேன். இவர்கள் இரண்டு பேரையும் விட விடமாட்டேன். பார்க்க ஏலாமல் போகும் நேரங்களில், உங்கள் கட்டிலருகே இருந்தது போல, அதன் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு வெறுங்கையோடு இருப்பேன்.

நீங்கள் எப்போதும் 'பிள்ளை' என்றே கூப்பிட்ட,
உங்கள் மருமகள்